விஸ்கி சவர் வீட்டில், கலோரி குறைவாக: சர்க்கரையை எடுத்ததும் ருசி ஏன் உடைகிறது?

#1 – கூப்கிளாஸ்

வழக்கமான அளவு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: பர்பன் (அமெரிக்க விஸ்கி வகை) 60 மி.லி., லெமன் சாறு 22.5, சர்க்கரை சிரப் 22.5, முட்டை வெள்ளை 20. இதில் சிரப்பை மட்டும் எடுத்துவிட்டு ஸ்டீவியா (இலையிலிருந்து எடுக்கும் கலோரியில்லா இனிப்பு) சொட்டு மருந்து போல 6 சொட்டு விட்டால் இனிப்பு வருகிறது, ஆனால் மூன்று பிரச்சினை:

பின்நாக்கில் கசப்பு. தண்ணீர் மாதிரி ஒல்லியான உடம்பு, அதாவது வாயில் அடர்த்தியே இல்லை. நுரை இரண்டே நிமிஷத்தில் இறங்கிவிடுகிறது.

பர்பன் 45 சதவீத ஆல்கஹால், ஐஸ் ஃப்ரிட்ஜ் ஐஸ், ஷேக்கர் இரண்டு டின் வகை. சர்க்கரை இல்லாமலோ மிகக் குறைவாகவோ இதைச் சரியாகச் செய்ய வழி உண்டா?

#2 – புளிப்புக்கணக்கு

முதல்ல எது எங்க இருக்குன்னு பாத்துடுவோம். கணக்கு போடாம "லைட்" பண்ணா தப்பான இடத்துலதான் கை வைப்போம்.

60 மி.லி. பர்பன், 45 சதவீதம்: சுத்த ஆல்கஹால் 27 மி.லி., எடையில சுமார் 21 கிராம். கிராமுக்கு 7 கலோரி, ஆக 149.
சிரப் 22.5 மி.லி. (எடைக்கு எடை சர்க்கரையும் தண்ணியும்): சர்க்கரை கிட்டத்தட்ட 14 கிராம், 55 கலோரி.
லெமன் சாறு 5. முட்டை வெள்ளை 10.

மொத்தம் ஏறக்குறைய 220. சர்க்கரையை முழுசா தூக்கினாலும் கால் பங்குதான் குறையுது. மூணுல ரெண்டு பங்கு பாட்டில்லயே இருக்கு. "ஜீரோ சுகர்"னு அலட்டுற மிக்ஸ் எல்லாம் இந்தக் கால் பங்கைத்தான் விக்குது.

அதனால கேள்வியை மாத்திக் கேளுங்க: 60 மி.லி. பர்பனை 45 ஆக்கி, அது தெரியாம எப்படி மறைக்கிறது? அங்க 37 கலோரி போகுது. அதோட புளிப்பும் இனிப்பும் தானா குறையும், ஏன்னா மூணும் ஒண்ணா இறங்கணும். உங்க பானம் உடைஞ்சதுக்குக் காரணமே மூணுல ஒண்ணை மட்டும் உருவினதுதான்.

#3 – ஓக்பீப்பாய்

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். கசப்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பர்பன் என்றால் சட்டப்படி குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம். உள்ளே கருக்கிய புது ஓக் மரக் கலனில்தான் வைக்க வேண்டும். ஸ்காட்ச் போலப் பழைய பீப்பாய் கிடையாது. புது ஓக் என்பதால் வனிலா, கேரமல் வாசனையும் அதிகம், துவர்ப்பும் அதிகம். நிறத்துக்கோ ருசிக்கோ வெளியிலிருந்து எதுவும் சேர்க்கக் கூடாது. வாசனையில் இனிப்பு இருக்கிறதே தவிர சர்க்கரை அதில் சுத்தமாக இல்லை.

ஸ்டீவியாவுக்கு ஏற்கெனவே ஒரு அதிமதுரக் கசப்பு வால் உண்டு. ஓக்கின் துவர்ப்பும் லெமனின் புளிப்பும் அந்த வாலைப் பிடித்து இழுத்துக் காட்டும். ஜின்னில் ஓரளவு தப்பிக்கலாம், பர்பனில் முடியாது. மங்க் ஃப்ரூட் (ஒரு பழத்திலிருந்து எடுக்கும் இனிப்பு) பரவாயில்லை, ஆனால் கடையில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் எரித்ரிட்டால் என்ற இன்னொரு மாற்று இனிப்போடு கலந்த தூள். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு கண்ணி: "ஹனி பர்பன்" என்ற பெயரில் வரும் பாட்டில்கள். அவை ருசி சேர்த்த, சர்க்கரை சேர்த்த மது. 35 சதவீதம்தானே, லைட்டாக இருக்கும் என்று எடுத்தால் சிரப் பாட்டிலுக்குள்ளேயே வந்துவிடும்.

#4 – டின்சத்தம்

45 மி.லி. போடறதுன்னா 50 சதவீத பாட்டில் வாங்குங்க. லேபிள்ல "பாட்டில்டு இன் பாண்ட்"னு இருக்கும். 1897 அமெரிக்கச் சட்டப்படி வந்த வகை, 4 வருஷமாவது பீப்பாயில இருந்திருக்கணும், சரியா 50 சதவீதம். எவான் வில்லியம்ஸ் வெள்ளை லேபிள், ஓல்டு கிராண்ட் டாட் பாண்டட், இது ரெண்டும் விலையும் அதிகமில்ல. அளவு குறைஞ்சாலும் ருசி நிக்கும்.

#5 – புளிப்புக்கணக்கு

டின்சத்தம், நீங்க சொல்றது பாதி சரி. 45 மி.லி.ல 50 சதவீதம் போட்டா ஆல்கஹால் 17.8 கிராம், 124 கலோரி. 45 சதவீதம் போட்டா 16 கிராம், 112. ருசி கூடுனதுக்குக் காசு கலோரியிலயே கட்டிட்டோம். பாட்டில் அடைக்கிறப்ப ஊத்துற தண்ணிதான் ரெண்டுக்கும் வித்தியாசம். அதே ஆல்கஹாலுக்கு அதே ருசிதான். 40 மி.லி. பாண்டட் போட்டா கிட்டத்தட்ட 45 மி.லி. சாதா பாட்டில் போட்ட கணக்குதான்.

கிராமுக்கு ருசி அதிகம் வேணும்னா ரை தானியம் கூடுதலா இருக்கற பர்பனைத் தேடுங்க. அந்த மிளகு, கிராம்பு காரம் லெமனைத் தாண்டி மேல வரும். கோதுமை போட்டது (மேக்கர்ஸ் மார்க் மாதிரி) தனியா குடிக்க மென்மை, ஆனா அளவு குறைச்ச சவர்ல காணாமப் போயிடும்.

#6 – டின்சத்தம்

ஒத்துக்கறேன். அப்ப ஓல்டு கிராண்ட் டாட் 40 மி.லி. ரை கூடின வகைதான் அதுவும், ரெண்டும் ஒரே பாட்டில்ல கிடைச்சிடுது.

#7 – புளிப்புக்கணக்கு

அது சரியான தேர்வு. மறுப்பே இல்ல.

இப்ப முழு அளவு. நான் 45 சதவீத பாட்டிலுக்கு எழுதறேன், 50 சதவீதம்னா 40 மி.லி. ஆக்கிக்கோங்க.

பர்பன் 45 மி.லி.
லெமன் சாறு 15 மி.லி., அப்பப் பிழிஞ்சது
சிரப் 12 மி.லி. (எடைக்கு எடை)
முட்டை வெள்ளை 15 மி.லி.
உப்புத் தண்ணி 2 சொட்டு (உப்பு 20 கிராம், தண்ணி 80 கிராம்)
லெமன் தோல் ஒரு கீற்று, ஷேக்கருக்குள்ள
சோடா 30 மி.லி., கிளாஸ்ல
அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (மூலிகை வாசனைக் கசப்புச் சாறு) 3 சொட்டு, நுரை மேல

கலோரி 155 பக்கம் வரும். சர்க்கரை 7 கிராம் சொச்சம், அதாவது பாதி. ஆல்கஹால் கால் பங்கு குறைவு. குலுக்கினதுல ஐஸ் உருகி, சோடாவும் சேர்ந்தப்புறம் கிளாஸ்ல 150 மி.லி.க்கு மேல நிக்கும். கூப் கிளாஸ் (காம்பு வச்ச அகலக் கிளாஸ்) நெறஞ்சு தெரியும், கண்ணுக்குக் குறை இருக்காது.

உப்பு எதுக்குன்னா: நாக்குல கசப்பை அமுக்கும், அதனால இருக்கற கொஞ்சம் இனிப்பு எடுப்பா தெரியும். உப்புக் கரிச்சா அளவு தப்புன்னு அர்த்தம். தோல் எதுக்குன்னா: ஐஸ் அடிக்கிற அடியில தோலோட எண்ணெய் பிதுங்கி வரும். புளிப்பு கூடாம லெமன் வாசனை மட்டும் ஏறும். அதை நம்பித்தான் சாறை 15க்கு இறக்க முடியுது. வெள்ளைச் சதை ஒட்டாம சீவணும், இல்லன்னா ஸ்டீவியா கசப்புக்குப் பதிலா இந்தக் கசப்பு.

#8 – பாகுபதம்

சிரப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாகு என்றதும் கை பழக்கத்தில் அடுப்பில் வைத்துக் கம்பிப் பதம் பார்க்கத் தொடங்கிவிடுவோம். இதற்கு அது கூடாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகி, 12 மி.லி.யில் எவ்வளவு சர்க்கரை என்ற கணக்கே மாறிவிடும். 100 கிராம் சர்க்கரை, 100 கிராம் சுடுதண்ணீர், தராசில் எடை போட்டு ஒரு பாட்டிலில் ஊற்றி மூடிக் குலுக்கினால் கரைந்துவிடும். அடுப்பே வேண்டாம். கப்பால் அளந்தால் சர்க்கரை குறைவாக விழும், ஏனென்றால் ஒரு கப் சர்க்கரை ஒரு கப் தண்ணீரைவிட எடை குறைவு.

#9 – கூப்கிளாஸ்

அருமை. தேன் போட்டால்? "கோல்டு ரஷ்" என்று தேன் வைத்தே ஒரு பர்பன் சவர் இருக்கிறதே. இயற்கையான இனிப்பு என்பதால் கொஞ்சம் லைட்டாக இருக்காதா? ஒரு துணைக்கேள்வி: சுத்தமாகச் சர்க்கரை கூடாது என்பவர்களுக்கு எது போடலாம்?

#10 – ஓக்பீப்பாய்

கோல்டு ரஷ் அருமையான பானம், லைட் அல்ல. தேன் ஒரு மேசைக்கரண்டி 64 கலோரி, சர்க்கரை அதே கரண்டிக்கு 49. தேன் அடர்த்தி அதிகம், அவ்வளவுதான். "இயற்கை" என்ற சொல்லுக்குக் கலோரியில் தள்ளுபடி கிடையாது. மேப்பிள் சிரப்பும் கரண்டிக்கு 52 வரும்.

தேனுக்கு ஒரு நியாயம் உண்டு: வாசனை பலமானது என்பதால் குறைவாகப் போட்டாலும் இருப்பது தெரியும். தேன் 2 பங்கு, வெந்நீர் 1 பங்கு கலந்து 8 மி.லி. போட்டுப் பாருங்கள். நேராகத் தேனை ஊற்றினால் ஐஸ் பட்டதும் டின்னின் அடியில் கெட்டியாக ஒட்டிக்கொண்டு பானத்துக்குள் வரவே வராது.

சர்க்கரையே கூடாது என்பவர்களுக்கு என் பதில் அல்லுலோஸ், சர்க்கரை மாதிரியே இருக்கும் ஒரு மாற்று இனிப்பு. அமெரிக்கக் கடைகளில் தூளாகவும் சிரப்பாகவும் கிடைக்கிறது. கிராமுக்கு 0.4 கலோரி, இனிப்பு சர்க்கரையில் 70 சதவீதம். முக்கியமான விஷயம், சர்க்கரை போலவே பானத்துக்கு உடம்பு கொடுக்கும்; ஸ்டீவியாவில் நீங்கள் பார்த்த ஒல்லித்தனம் வராது. இனிப்பு குறைவதை ஈடுகட்ட 2 பங்கு அல்லுலோஸ், 1 பங்கு தண்ணீர் என்று சிரப் செய்தால், அதே 12 மி.லி. சரியாக வரும். ஜிகரை (அளக்கும் குட்டிக் குவளையை) மாற்ற வேண்டியதில்லை.

எரித்ரிட்டால் வேண்டாம். சுடுதண்ணீரில் கரைந்துவிட்டது என்று நினைப்பீர்கள், ஃப்ரிட்ஜில் வைத்த மறுநாள் பாட்டில் அடியில் மணல் மாதிரி படிந்திருக்கும். பானமே குளிர்ந்ததும் பல்லில் நறநறக்கும். புதினா தின்ற மாதிரி ஒரு குளிர்ச்சியும் தரும், விஸ்கியோடு அது ஒட்டாது.

சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் கவனத்துக்கு: சர்க்கரை இல்லாத பானம் என்பதால் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வெறும் வயிற்றில் ஆல்கஹால் ரத்தச் சர்க்கரையைக் கீழே தள்ளக்கூடியது. மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

#11 – நாரத்தைநிழல்

யாரும் தொடாத ஒன்று. அமெரிக்கச் செய்முறையில் "லெமன்" என்று இருப்பதை நாம் எலுமிச்சை என்று படித்துவிடுகிறோம். சந்தையில் கூறு கட்டி விற்கும் நம் எலுமிச்சை, உருண்டையாக, மெல்லிய தோலோடு இருப்பது, அவர்கள் கணக்கில் லைம் வகை. லெமன் என்பது முட்டை வடிவில், முனை கூர்ந்து, தடித்த தோலோடு வரும் பெரிய மஞ்சள் பழம்.

புளிப்பின் பலம் இரண்டுக்கும் பக்கத்தில்தான், சுமார் 6 சதவீதம். வாசனைதான் வேறு. நம் எலுமிச்சை பர்பனின் வனிலாவோடு முட்டிக்கொள்ளும், ஒரு கூர்மையான பச்சை வாசனை முன்னால் வந்து நிற்கும். லெமன் கிடைக்காத ஊரில் எலுமிச்சைச் சாறு 12 மி.லி., ஆரஞ்சுச் சாறு 6 மி.லி. கலந்து போட்டால் அந்தக் கூர்மை மழுங்கும். தோல் கீற்றுக்கு ஆரஞ்சுத் தோலையே எடுங்கள், எலுமிச்சைத் தோல் வேண்டாம்.

பாட்டிலில் அடைத்த சாறு எதுவாக இருந்தாலும் இந்த லைட் வடிவத்துக்கு ஆகாது. 14 கிராம் சர்க்கரை இருக்கும்போது மறைந்த பழைய வாடை 7 கிராமில் அப்பட்டமாகத் தெரியும்.

#12 – கூப்கிளாஸ்

#7 அளவில் செய்தாயிற்று. ருசி பிடிபட்டது, கசப்பு இல்லை. நுரைதான் இன்னும் சொதப்பல். மேலே பெரிய பெரிய குமிழ், சோப்புத் தண்ணீர் மாதிரி. உடனே அடங்கிவிடுகிறது. முட்டை வெள்ளையும் 15 மி.லி. என்று அளக்க வரவில்லை, வழுக்கி முழுதும் விழுந்துவிடுகிறது. லேசாக ஈர நாய் வாடை வேறு.

#13 – டின்சத்தம்

இது நம்ம ஏரியா. வரிசையா சொல்றேன்.

அளக்கறது: வெள்ளையை ஒரு கிண்ணத்துல விட்டு முள்கரண்டியால பத்துப் பதினஞ்சு தடவை வெட்டி விடுங்க. அடிக்க வேணாம், நுரை வர வேணாம். அந்தக் கெட்டிப் பகுதி அறுந்து தண்ணியா ஓடும். அப்புறம் ஜிகர்ல ஊத்துனா நூல் மாதிரி இறங்கும். ஒரு முட்டையில ரெண்டு பானம்.

ட்ரை ஷேக்: ஐஸ் போடாம எல்லாத்தையும் (சோடா, அங்கோஸ்டுரா, தோல் தவிர) டின்ல போட்டு 15 செகண்ட். இங்கதான் நுரை உருவாகுது. கவனம், ஐஸ் இல்லன்னா டின் குளிர்ந்து இறுகாது. உள்ள நுரை வீங்கி டின்னைத் தள்ளும். ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிக்கலன்னா சுவர்ல விஸ்கி. காக்டெயில் வடிகட்டியோட ஸ்பிரிங்கைக் கழட்டி உள்ள போட்டுக் குலுக்குனா நுரை இன்னும் நைஸா வரும்.

அப்புறம் ஐஸ், தோல் போட்டு 12 செகண்ட், முழு வேகம். டின் வெளிய பனி பூத்து, விரல் ஒட்டுற குளிர் வந்தா நிறுத்தலாம்.

பெரிய குமிழ் வர்றது வடிகட்டாததால. டீ வடிகட்டி இருக்குல்ல, மெல்லிசு கம்பி வலை, அதைக் கிளாஸ் மேல பிடிச்சு அது வழியா ஊத்துங்க. பெரிய குமிழெல்லாம் அங்கயே உடையும், ஐஸ் துணுக்கும் தங்கிடும். ஊத்திட்டு அரை நிமிஷம் தொடாம விடுங்க, நுரை தானாப் பிரிஞ்சு மேல ஏறும்.

சோடாவை எப்ப ஊத்துனீங்க?

#14 – கூப்கிளாஸ்

கடைசியில், நுரைக்கு மேலே. ஓ... அதுதானா?

#15 – டின்சத்தம்

அதேதான். மேலருந்து ஊத்துன சோடா நுரையை ஓட்டை போட்டுக் கொன்னுடும். கிளாஸ்ல முதல்ல சோடா, ஃப்ரிட்ஜ்ல நல்லா குளிர்ந்தது. அது மேல சவரை மெதுவா ஊத்துங்க. வாயு கீழருந்து நுரையைத் தூக்கி விடும்.

நாய் வாடை: முட்டை பழசாகப் பழசாக அதிகமாகும், புதுசுலயும் லேசா இருக்கும். அதுக்குத்தான் நுரை மேல அங்கோஸ்டுரா. அழகுக்கு மட்டும்னு நெனச்சு விட்டுடாதீங்க. மூக்கு கிளாஸ் கிட்ட போறப்ப முதல்ல பிட்டர்ஸ் வாசனை வரணும்.

#16 – பாகுபதம்

பச்சை முட்டை என்பதால் சால்மொனெல்லா பற்றியும் எழுதிவிடலாம். விஸ்கியும் லெமனும் இருப்பதால் கிருமி செத்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள், குலுக்கிக் குடிக்கும் அந்த இரண்டு நிமிஷத்தில் அது நடக்காது. பாஸ்சரைஸ் செய்த வெள்ளை கிடைத்தால் அதுவே நல்லது. நுரை கொஞ்சம் சோம்பேறித்தனமாக வரும், ட்ரை ஷேக்கை 30 செகண்டாக்குங்கள்.

முட்டையே வேண்டாம் என்றால் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர், அக்வாஃபாபா. அதே 15 முதல் 20 மி.லி. கலோரி பேருக்குத்தான். டின் கடலை என்றால் உப்பு சேர்க்காததாகப் பார்த்து எடுங்கள். உப்பு உள்ளதைப் போட்டால் #7இல் உள்ள உப்புத் தண்ணீரை விட்டுவிடுங்கள். வீட்டில் வேகவைத்தால் உப்பு போடாமல் வேகவைத்து, கடலையை எடுத்தபின் அந்தத் தண்ணீரைத் தனியாகச் சுண்டவையுங்கள். ஆறியதும் முட்டை வெள்ளை மாதிரி கொழகொழவென்று ஆட வேண்டும். தண்ணீராக ஓடினால் இன்னும் சுண்டவில்லை, நுரை நிற்காது. மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளலாம்.

#17 – தேத்தண்ணி

பர்பன் குறைந்ததால் வரும் வெறுமைக்கு இன்னொரு மருந்து: கறுப்புத் தேநீர். 5 கிராம் தேயிலை, 100 மி.லி. கொதிநீர், 4 நிமிஷம், வடித்து ஆறவைத்தது. சோடாவுக்குப் பதில் இதை 30 மி.லி. ஓக்கின் துவர்ப்பு எங்கே குறைந்ததோ அங்கே தேயிலையின் துவர்ப்பு போய் உட்காரும். 30 மி.லி. பர்பனிலேயே ஒப்பேற்றலாம்.

#18 – ஓக்பீப்பாய்

நல்ல யோசனை, ஆனால் முட்டை வெள்ளை இல்லாத வடிவத்துக்கு மட்டும். தேநீரின் டானின் (துவர்ப்புப் பொருள்) முட்டைப் புரதத்தோடு பிணைந்துகொள்ளும். எந்தத் துவர்ப்புக்காகப் போட்டோமோ அதுவே மழுங்கிவிடும், சில சமயம் துகள் துகளாகத் திரியும். முட்டை இல்லாமல், பெரிய ஐஸ் கட்டி மேல், குட்டைக் கிளாஸில் என்றால் தேத்தண்ணி சொன்னது பிரமாதம்.

#19 – தேத்தண்ணி

சரிதான், எழுத விட்டுப்போச்சு. முட்டை இல்லாம ஐஸ் மேல.

#20 – புதுவரவு07

இதே முறையில் ஓல்டு ஃபேஷன்டும் லைட்டாகச் செய்யலாமா?

#21 – புளிப்புக்கணக்கு

முடியாதுங்க. அதுல சர்க்கரை ஒரு கட்டி, 4 கிராம், 16 கலோரி. மீதி எல்லாம் விஸ்கி. குறைக்கறதுக்கு அதுல எதுவுமே இல்ல. 45 மி.லி.ல சின்னதா செஞ்சு சின்ன கிளாஸ்ல குடிங்க, அதான் லைட்.

இன்னொண்ணு, எல்லாருக்கும். அமெரிக்காவுல "ஒரு டிரிங்க்"னா 14 கிராம் ஆல்கஹால். பழைய 60 மி.லி. சவர் ஒண்ணரை டிரிங்க். இந்த 45 மி.லி. ஒண்ணேகால் கூட இல்ல. லைட்டுதானேன்னு ரெண்டு கிளாஸ் போனா 310 கலோரி, பழையது ஒண்ணை விட 90 அதிகம்.

#22 – கூப்கிளாஸ்

சோடா முதலில், டீ வடிகட்டி, அரை நிமிஷம் காத்திருப்பு. நுரை இப்போது ஒரு விரற்கடை உயரம், கடைசி மடக்கு வரை நிற்கிறது. ஆனால் முதல் தடவை கொஞ்சம் தண்ணியாக இருந்தது. ஐஸ் தட்டில் இருந்து எடுத்து ஐந்து நிமிஷம் மேசையில் கிடந்த ஐஸ். அதுதான் காரணமா?

#23 – டின்சத்தம்

ஆமா. வெளிய கிடந்த ஐஸ் மேல ஏற்கெனவே தண்ணி பூத்திருக்கும். குலுக்கற 12 செகண்ட்ல குளிர்ச்சி வர்றதுக்கு முன்னாடி அந்தத் தண்ணி பானத்துல கலந்துடும். முழு அளவு சவர் அதைத் தாங்கும், 45 மி.லி. தாங்காது. ட்ரை ஷேக் முடிச்சப்புறம் ஃப்ரீசரைத் திறங்க. கட்டி பெருசா இருக்கட்டும், டின்னுல முக்கால் அளவு ரொப்புங்க. ஐஸைக் கஞ்சத்தனமா ரெண்டு மூணு கட்டி போட்டா அதுதான் சீக்கிரம் உருகும், அதிகம் போட்டா இல்ல.